சமூகவியல் படிக்கட்டும், ஆனால் ஆறு லட்சம் கடனில் வேண்டாம்

தண்டையார்பேட்டை சகோதரிக்கு வணக்கம். மகள் பி.ஏ. சமூகவியல் படிக்க ஆசைப்படுகிறாள், தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்துக்கு 6 லட்சம் ஆகும், கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

படிப்பு நல்ல படிப்பு. அந்த ஆசையைத் தடுக்காதீர்கள். எனக்குப் பயம் கடன் தொகைதான். வருடத்துக்கு 2 லட்சமாக, 10 சதவீத வட்டியில் எடுத்தால், படிப்பும், அதற்கப்புறம் தவணை தொடங்கும் முன் வங்கி தரும் ஒரு வருட அவகாசமும் முடியும்போது வட்டி மட்டுமே சுமார் 1,80,000 ஏறியிருக்கும். மொத்தம் 7,80,000. பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 10,300 வரும். தொண்டு நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்து 18,000 வாங்கினால் கையில் நிற்பது 7,700. அதில் பஸ் செலவு, சாப்பாடு, வீட்டுக்கு என்ன கொடுப்பாள்? பிள்ளை தவணைக்காகவே பிடிக்காத வேலையில் மாட்டிக்கொள்வாள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. அங்கே சமூகவியல் கிடைக்காவிட்டால் பொருளாதாரமோ வரலாறோ எடுத்தாலும் சரி, முதுகலையில் சமூகவியலுக்கோ சமூகப் பணிக்கோ மாறலாம். குரூப் 2 தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

கடனை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வங்கிக்குப் போனால் அவகாசக் காலத்து வட்டியை மாதாமாதம் கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். கட்டிவிட்டால் அசல் ஏறாது.