எலும்பில் உலோகம் பொருத்தும் முன் கணினியில் ஓர் ஒத்திகை: உங்கள் மகள் கேட்கும் படிப்பைப் பற்றி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

பாட்டியின் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், மருத்துவர் கணினித் திரையில் தொடையெலும்பின் படத்தின் மேல் செயற்கை மூட்டை வைத்து அளவு பார்த்ததை உங்கள் மகள் கண்டாள் என்றும், அன்றிலிருந்து அந்த வேலைக்குத்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீட் தேர்வை இன்னொரு முறை எழுதட்டும் என்று அவளுடைய அப்பாவும், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட்டால் பயமில்லை என்று மாமாவும் சொல்லிக்கொண்டிருக்க, டாக்டரும் ஆகாமல் இன்ஜினியரும் ஆகாமல் நடுவில் நின்றுவிடுவாளோ என்று நீங்கள் தவிப்பது எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் சொல்லும் முன், அந்தத் திரையில் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அங்கே இருப்பவை இரண்டு வேலைகள்.

உங்கள் மகள் பார்த்தது முதல் வேலை, அது அளவெடுப்பது. எக்ஸ்ரே படத்தையோ, துண்டு துண்டாக எடுத்த சி.டி. ஸ்கேன் படங்களை அடுக்கி உருவாக்கிய முப்பரிமாண எலும்பையோ வைத்துக்கொண்டு, எந்த அளவு மூட்டு பொருந்தும், எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும், கால்களின் நீளம் சமமாக வருமா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். சி.டி. அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்ற மதிப்பும், எலும்புக்கு அவற்றைவிட மிக உயர்ந்த மதிப்பும் கிடைப்பதால், தசையிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க முடிகிறது. ஆனால் மெலிந்த எலும்பிலும், பழைய உலோகம் இருந்து படத்தில் கோடு கோடாகக் கீறல் விழும் இடத்திலும் மென்பொருள் தடுமாறும். அங்கே உடற்கூறு தெரிந்த ஒருவர் அமர்ந்து எல்லையைத் திருத்தியாக வேண்டும். இந்த வேலைக்கு இன்று மருத்துவமனைகளிலும் மருத்துவக் கருவி நிறுவனங்களிலும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

இரண்டாவது வேலை, பொருத்திய பிறகு அந்த எலும்பும் உலோகமும் என்ன சுமையைத் தாங்கும் என்று கணக்கிடுவது. இதில்தான் உங்கள் மகளின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் உயிர்பெறுகிறது. தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை), திரிபு (அதனால் ஏற்படும் உருமாற்றத்தின் அளவு), யங் குணகம் (பொருளின் விறைப்பு) என்று அவள் படித்தவையே இதன் அடிப்படை. தொடையெலும்பின் கெட்டியான வெளிப்பகுதியின் யங் குணகம் ஏறத்தாழ 17 கிகாபாஸ்கல். டைட்டேனியம் உலோகக் கலவைக்கு அது சுமார் 110, கோபால்ட்-குரோமியத்துக்கு 200-க்கும் மேல். செயற்கை மூட்டைத் தாங்கும் இவ்வளவு விறைப்பான உலோகத் தண்டைத் தொடையெலும்புக்குள் இறக்கினால் சுமையில் பெரும்பங்கை உலோகமே ஏற்றுக்கொள்ளும். சுமை குறைந்த எலும்பு நாளடைவில் மெலியும் என்பது ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் வெளியிட்ட, தன் மேல் விழும் சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற விதியிலிருந்து புரிந்துகொள்ளக்கூடியது. எலும்பு மெலிந்தால் செயற்கை மூட்டின் பிடிமானமும் தளரலாம். தண்டின் நீளம், வடிவம், உலோகம் ஆகியவற்றை மாற்றினால் அந்தச் சுமை எப்படிப் பங்கிடப்படும் என்பதை ஒரு நோயாளியின் உடலைத் தொடாமலேயே பார்ப்பதற்கு, எலும்பின் உருவத்தை லட்சக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகைவைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை பயன்படுகிறது. 1970-களின் தொடக்கத்திலேயே எலும்பியல் ஆய்வுக்குள் வந்துவிட்ட முறை இது. நேற்று முளைத்த மோகம் என்று மாமா நினைக்க வேண்டியதில்லை.

கணக்குக்குக் கொடுக்கும் சுமையும் ஊகமாக இருக்கக் கூடாது. பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி, சாதாரணமாக நடக்கும்போது அந்த மூட்டில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுவதை நேரடியாக அளந்தார்கள். 60 கிலோ எடையுள்ள பாட்டி நடக்கும் ஒவ்வோர் அடியிலும் 150 கிலோவுக்கு நிகரான சுமை. கால் இடறினால் அது இன்னும் பல மடங்கு. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டாவது வேலை இன்னும் மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறையாகவில்லை. அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும், செயற்கை மூட்டுகளை வடிவமைக்கும் நிறுவனங்களிலும் நடக்கிறது. இடுப்பு மூட்டுத் தண்டு ஒன்று சந்தைக்கு வரும் முன், பன்னாட்டுத் தர விதிப்படி இயந்திரத்தில் 50 லட்சம் முறை அழுத்திச் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனைக்கு எந்த அளவுத் தண்டு மிகப் பலவீனமானது என்று முன்கூட்டியே கண்டறிய கணினிக் கணக்கு உதவுகிறது. டெல்லியை அடுத்த குருகிராமில் ஸ்டிரைக்கர், குஜராத்தின் வாபியில் மெரில் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் இயங்குகின்றன. ஆகவே வேலைக்காக வெளியூர் செல்ல நேரிடலாம் என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

இனி படிப்பு. உங்கள் மகள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்திருப்பதால் இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன. கத்தியைத் தன் கையில் பிடிக்க விரும்புகிறாள் என்றால் எம்.பி.பி.எஸ்., அதன்பின் மூன்றாண்டு எம்.எஸ். எலும்பியல் என்ற நீண்ட வழிதான் சரி. அதற்காக நீட் தேர்வை மறுபடி எழுதுவதில் அர்த்தம் உண்டு. அந்த விருப்பம் இல்லாதவளை அப்பாவின் ஆசைக்காக ஓராண்டு காக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொறியியல் என்றால், பெயரில் 'பயோமெடிக்கல்' இருப்பதை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள். பல கல்லூரிகளில் அந்தப் பாடத்திட்டம் மருத்துவ மின்னணுக் கருவிகளையும் சமிக்ஞைகளையும் சார்ந்தது. பொருள்களின் வலிமை பற்றிய பாடம் ஒரு பருவத்தோடு முடிந்துவிடக்கூடும். அவளுக்குப் பிடித்த வேலைக்கு உயிர்நாடி அந்தப் பாடம்தான். அதனால் நல்ல கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, முதுநிலையில் உடலின் மீதான விசைகளை ஆராயும் உயிரி இயந்திரவியலுக்கு வருவதே என் முதல் பரிந்துரை. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் மூன்றும் இணைந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். போன்ற வழிகள் அப்போது கைகொடுக்கும். பயோமெடிக்கலே வேண்டும் என்றால், கலந்தாய்வுக்கு முன் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மென்பொருள் கற்றுத் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பைப் பிரிக்க 3டி ஸ்லைசர், தகைவைக் கணக்கிட ஃபெபயோ ஆகிய இரண்டும் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. மேலும், மென்பொருளின் பொத்தான்கள் தெரிந்தவர்களை இந்தத் துறை அதிகம் மதிப்பதில்லை. நான் வழிகாட்டிய மாணவர் ஒருவரிடம் நேர்காணலில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "நீங்கள் காட்டும் இந்த வண்ணப்படம் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். தகைவு கூடிய, குறைந்த இடங்களைக் காட்டிச் சிவப்பும் நீலமுமாக அழகாக வரும் படம் தவறான எல்லையிலிருந்தும் வரும். தவறான சுமையிலிருந்தும் வரும். அதை நம்பி ஒருவருடைய எலும்பில் துளையிடப் போகிறார்கள் என்ற நினைவோடு தன் விடையைத் தானே சந்தேகிக்கும் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு முனை சுவரில் பொருத்தப்பட்டு மறுமுனையில் எடை தொங்கும் சட்டம் எவ்வளவு வளையும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அதைக் கொண்டு முதலில் கையால் கணக்கிடட்டும். பிறகு அதே சட்டத்தை ஃபெபயோவில் சில பெரிய நான்முகிக் கூறுகளாக (நான்கு முக்கோண முகங்கள் கொண்டவை) மட்டும் பிரித்துக் கணக்கிட்டால், வளைவு சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாக வரும். கூறுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை எப்படி மாறுகிறது, எப்போது மாறாமல் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். பொதுத்தேர்வு முடிந்த இந்த விடுமுறையில் இரண்டு வாரம் இதற்குப் போதும். அந்த நோட்டை அவளே எடுத்துக்கொண்டு வரட்டும். கலந்தாய்வுக்கான கல்லூரி வரிசையை அதைப் பார்த்த பிறகு சேர்ந்து எழுதுவோம்.