எஸ்ஓ-50 ஹாம் ரேடியோ சாட்டிலைட் நடுவுல மட்டும் கேக்குதா?

ஆன்டெனாவ மாத்தாதீங்க, எஸ்ஓ-50 உச்சிக்கு வரும்போது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு காணாம போகுதுன்னா பெரும்பாலும் டாப்ளர் தான் (சாட்டிலைட் வேகமா நெருங்கி விலகுறதால ஃப்ரீக்வென்சி நகர்றது), நீங்க 436.795 மெகாஹெர்ட்ஸ்லயே விட்டுட்டு உக்காந்திருக்கீங்க.

436.805ல ஆரம்பிச்சு 5 கிலோஹெர்ட்ஸா இறக்கிட்டே வந்து 436.785ல முடிங்க. அஞ்சு மெமரியா போட்டு வச்சுக்கங்க, சாட்டிலைட் வானத்துல கடந்து போற நேரத்துல நம்பர் அடிச்சிட்டு இருக்க முடியாது.

காரைக்குடில பழைய வீடு, வளவுக்குள்ள நின்னு கேக்குறேன்னு போட்டிருக்கீங்க, அங்க வானம் ஒரு துண்டு தானே தெரியும்! முதல்ல ஃப்ரீக்வென்சி மாத்தாம மாடில போய் கேளுங்க, அங்கயும் நடுவுல மட்டும் வந்தா டாப்ளர் உறுதி.

ஆனா அந்த சாட்டிலைட்ல 10 நிமிஷத்துல தானா அணைஞ்சிடுற டைமர் இருக்கு, லைசன்ஸ் உள்ள யாராவது 74.4 ஹெர்ட்ஸ் டோன் அனுப்பி எழுப்பலைன்னா எல்லாம் சரியா இருந்தாலும் ஒண்ணும் கேக்காது.