அப்பா அம்மாவுடன் முதல் கப்பல் பயணம்: எந்தப் பால்கனி கேபின் எடுக்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா அமெரிக்கா வந்திருக்கிறார்கள். டெக்சஸில் உள்ள கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறி 7 நாள் மேற்குக் கரீபியன் பயணம், ராயல் கரீபியன் கம்பெனியின் ஒயாசிஸ் வகைக் கப்பல். கடல் பார்த்த பால்கனி, சென்ட்ரல் பார்க் பால்கனி, போர்டுவாக் பால்கனி என்று மூன்று காட்டுகிறார்கள். பின்னால் சொன்ன இரண்டும் விலை குறைவு. எதை எடுப்பது?

கடல் பார்த்ததை எடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் குளிர்பான பேக்கேஜிலோ, கரையில் இறங்கிச் சுற்றும் டூரிலோ பிடித்துக்கொள்ளலாம். நான் என் அப்பா அம்மாவை இரண்டு முறை கப்பலில் கூட்டிப் போயிருக்கிறேன். முதல் முறை கேபின் விஷயத்தில் கோட்டை விட்டேன். இரண்டாம் முறை ஒரு வாரம் உட்கார்ந்து டெக் பிளானை, அதாவது ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, பார்த்துப் பார்த்து எடுத்தேன். வித்தியாசம் அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த உள்பக்கப் பால்கனிகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். ஒயாசிஸ் வகைக் கப்பல்கள் சுமார் 360 மீட்டர் நீளம், நீர்மட்டத்தில் 47 மீட்டர் அகலம். இவ்வளவு அகலமான கப்பலில் ஓரத்து அறைகள் போக நடுவில் வருகிற அறைகளுக்கு வெளிச்சமே கிடைக்காது. அதனால் பின்லாந்தின் துர்குவில் முதல் கப்பலான ஒயாசிஸ் ஆஃப் தி சீஸைக் கட்டியபோதே (2009-ல் ஓட ஆரம்பித்தது) மேல்தளங்களை நடுவில் இரண்டாகப் பிரித்து, வானம் பார்த்த முற்றம் விட்டுவிட்டார்கள். முற்றத்தின் ஒரு பகுதி பூங்கா, அதுதான் சென்ட்ரல் பார்க்; பின்பகுதி ராட்டினமும் கடைகளும், அது போர்டுவாக். விலை குறைந்த அந்த இரண்டு பால்கனிகளும் இந்த முற்றத்தைப் பார்த்தவை. சென்னை அடுக்குமாடி வீடுகளில் ஓ.டி.எஸ். (வெளிச்சத்துக்காக நடுவில் விடும் திறந்த வெளி) பக்கம் ஜன்னல் வைப்பார்களே, அதே யோசனைதான், பெரிய அளவில், அழகாகச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் இரண்டாம் பயணத்தில் நாத்தனார் குடும்பம் சென்ட்ரல் பார்க் பால்கனி எடுத்திருந்தார்கள். பூங்கா 8-ஆம் தளத்தில் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேல் உண்மையான செடிகள். ஒரு மாலை நாங்கள் எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்தோம். நனைந்த மண் வாசனை, கீழே யாரோ கிடார் வாசிக்கும் சத்தம், முகத்தில் அடிக்கும் காற்று கிடையாது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரர் போட்டிருக்கும் சட்டையின் கட்டம் வரை தெரிகிறது. விளக்குப் போட்டால் திரையை இழுத்துவிட வேண்டும். என் அம்மா மாதிரி ஆட்களுக்கு அது சரிப்படாது. கப்பலில் இருக்கிறோம் என்ற நினைப்பே அந்தப் பால்கனியில் வராது.

போர்டுவாக் பால்கனி கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. கீழே 6-ஆம் தளத்தில் ராட்டினம், மேலே ஜிப்லைன் கம்பியில் தொங்கியபடி கத்திக்கொண்டு போகிறவர்கள், பின்கோடியில் அக்வா தியேட்டர் என்ற நீர்சாகச அரங்கம். ஒன்பது மணிக்குத் தூங்குகிற பெரியவர்களை அங்கே வைக்காதீர்கள். பின்கோடியை ஒட்டிய சில அறைகளில் மட்டும் கடல் ஒரு கீற்றாகத் தெரியும், உயரத்திலிருந்து குதிக்கும் ஷோவையும் பால்கனியிலிருந்தே பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்குத் தனி அறை எடுப்பதாக இருந்தால் அதைப் பாருங்கள்.

இனி முதல் பயணத்தில் நடந்தது. விலை குறைவு என்று 'கேரண்டி' பால்கனி எடுத்தோம். வகை மட்டும்தான் நம் கையில், அறை எண்ணை கம்பெனியே பிறகு ஒதுக்கும். உள்ளே போய் பால்கனிக் கதவைத் திறந்தால் நேர் எதிரே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் கூரை. எழுந்து எட்டிப் பார்த்தால்தான் கடல். அம்மா குறை சொல்லவில்லை. "நம்ம மொட்டை மாடியில சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்த மாதிரி இருக்கு கண்ணு" என்று மட்டும் சொன்னார். எனக்கு இன்னும் அது மனதில் குத்துகிறது. ஆகவே முழுக்கட்டணம் கொடுத்தாவது அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது டெக் பிளானைத் திறந்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களாக இருந்தால் நிம்மதி. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். பஃபேக்குக் கீழேயும் அப்படித்தான். பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இருந்தால் அந்தப் பக்கத்துப் பேச்சும் வந்துவிடும்.

ஆட்டத்தைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். பஸ்ஸில் வேகத்தடை வந்தால் கடைசி சீட்டில் இருப்பவரைத்தானே தூக்கிப் போடும்? கப்பலிலும் அதே கதை. முன்கோடி, பின்கோடி, உச்சித் தளம் மூன்றும் அதிகம் ஆடும். நடுவிலும் கீழேயும் குறைவு. ஆனால் ரொம்பக் கீழே போனால் படகுகள் மறைக்கும். இந்த வகைக் கப்பலில் 9 அல்லது 10-ஆம் தளம் என் தேர்வு. லிஃப்டுகள் கப்பலின் முன்பகுதியில் ஒரு தொகுதி, பின்பகுதியில் ஒரு தொகுதி என்று இருக்கின்றன. முட்டிவலி உள்ளவர்கள் இருந்தால் இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியை நோக்கிய பக்கமாக அறை பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நீண்ட நடைதான்.

9-ஆம் தளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா ஈரோட்டுக்காரர். கடலைத் திருச்செந்தூரில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. கால்வெஸ்டனில் கப்பல் கிளம்பும்போது தண்ணீர் பழுப்பு நிறம். துறைமுகத்துக் கப்பல் கால்வாயைத் தாண்டும்வரை டால்பின்கள் கூடவே வந்தன. இரவு முழுக்கத் தூரத்தில் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் விளக்குகள். மறுநாள் விடியலில் அப்பா என்னை எழுப்பி, "தண்ணி நிறமே மாறிடுச்சு, வந்து பாரு" என்றார். கரு நீலம். கப்பல் கிழித்துத் தள்ளும் நுரையிலிருந்து கையகல மீன்கள் கூட்டமாக எகிறி, தண்ணீரைத் தொடாமலே கொஞ்ச தூரம் பறந்துபோய் விழுந்தன. நாகப்பட்டினம் பக்கம் கோலா என்பார்களே, அந்த இனம். பதினைந்தாம் தளத்திலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிதான். அம்மா பஃபேயில் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் பிடித்து வந்து ப்ரூ கலந்து வைத்திருந்தார். "ஏனுங்க, காபி ஆறுது" என்று மூன்று முறை கூப்பிட்டும் அப்பா கம்பியை விட்டு நகரவில்லை.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அடுத்த பயணத்துக்கு உதவும். 2018-ல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலில் பால்கனி அறைக்குள்ளேயே சேர்ந்துவிடும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும். அறை பெரிதாகத் தெரியும், ஆனால் வெளியே நிற்கிற உணர்வு வராது. கார்னிவல் கப்பல்களில் கோவ் பால்கனி என்று கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கச் சுவரை வெட்டி வைத்திருப்பார்கள். அலை பக்கத்தில், ஆட்டமும் குறைவு. எனக்குப் பிடித்த வகை. பின்கோடிப் பால்கனியில் கப்பல் விட்டுப்போகும் வெள்ளைத் தடம் முழுதாகத் தெரியும், ஆனால் துறைமுகத்தில் கட்டும்போது அதிர்வு அதிகம். அப்புறம் 'வர்ச்சுவல் பால்கனி' என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது ஜன்னலில்லாத அறையில் கடலைக் காட்டும் திரை.

அம்மாவிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். பால்கனிக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது. என் அம்மா அப்பாவின் வேட்டியைக் காயப்போட்டு, அறையைச் சுத்தம் செய்பவர் வந்து பணிவாக எடுக்கச் சொன்னார். குளியலறையில் ஷவருக்கு மேல் இழுத்து மாட்டும் கயிறு இருக்கும், அது போதும். அடுத்து, பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறையின் வாசல் கதவைத் திறக்கவே கூடாது. காற்று ஒரே இழுப்பாக இழுத்துக் கதவைப் படாரென்று அறையும். இடையில் விரல் இருந்தால் அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நாற்காலிகளைக் கம்பியை விட்டுத் தள்ளியே வையுங்கள்.

முடிந்தால் இரண்டு கேபின்களை அடுத்தடுத்து எடுங்கள். பல கப்பல்களில் இரண்டு பால்கனிக்கும் நடுவில் உள்ள தடுப்பைத் திறந்துவிட முடியும். முதல் நாளே அறைப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குத் திறந்துவிட்டார். ஆறு பேரும் வரிசையாக உட்கார இடம் கிடைத்தது.

எந்தப் பக்கம் என்று கேட்டால் இடப்பக்கம், அதாவது போர்ட் பக்கம். கால்வெஸ்டனிலிருந்து கப்பல் தெற்கே போகும், இடப்பக்கம் கிழக்கு. முதல் கடல் நாளின் சூரியோதயம் அறைக்கே வரும். உங்கள் அப்பா மாலைப் பொழுதை ரசிப்பவர் என்றாலும் கவலையில்லை, திரும்பும்போது அதே பக்கம் மேற்கு. கடைசிக் கடல் நாள் மாலை என் அப்பா வெகுநேரம் யோசனையாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, அன்னைக்கு இந்தப் பக்கம்தானே உதிச்சுது, இன்னைக்கு இங்கயே விழுகுது?" என்றார். "கப்பல் திரும்பிடுச்சு அப்பிச்சி" என்று அவன் ஒரு ஸ்பூனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அந்த ஸ்பூனை வாங்கி, வெளிச்சம் மங்கும்வரை அப்பாவும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.