அம்மாவை மூன்று வாரம் இல்லத்தில் விடலாமா?

தம்பி, முத்தியால்பேட்டையிலிருந்து பாரிஸ் பக்கம் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்கிறீர்கள். ஆவணியில் மனைவியின் தங்கை கல்யாணத்துக்குப் புதுச்சேரி போகும்போது அம்மாவை மூன்று வாரம் முதியோர் இல்லத்தில் விடலாமா, வேலைக்கு எங்கே போவது, ஓட்டுநர் உரிமம் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கும் உரிமத்துக்கும் பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லா ஷபேல் டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை இலவசமாகக் கிடைக்கும். அம்மா விஷயத்தை நான் சொல்கிறேன்.

விடலாம். 'எபாட்' எனப்படும் முதியோர் இல்லங்கள் சிலவற்றில் கொஞ்ச நாள் மட்டும் தங்கவைக்கும் வசதி உண்டு. பொதுவாக ஆண்டுக்கு 90 நாள் வரை. ஆனால் அறைகள் குறைவு, ஆகஸ்டிலோ நாடே விடுமுறைக்குக் கிளம்பிவிடும். விண்ணப்பத்தில் மருத்துவர் நிரப்பவேண்டிய பகுதிக்கே அலையவேண்டியிருக்கும், இப்போதே தொடங்குங்கள். பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கான 'அபா' உதவித்தொகைக்கு 60 வயது மட்டும் போதாது. அம்மாவுக்குப் பிறர் உதவி எவ்வளவு தேவை என்று அளந்து, 1 முதல் 4 வரையான பிரிவுக்குள் வந்தால்தான் தருவார்கள். வெறும் மூட்டுவலி என்றால் செலவு உங்கள் தலையில்தான். 2003 ஆகஸ்ட் வெயிலில் இங்கே சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அதன்பிறகுதான் இல்லங்களில் குளிரூட்டிய பொதுக்கூடம் கட்டாயமானது. இடம் பார்க்கப் போகும்போது அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். என் மாமியார் புதுச்சேரி குருசுக்குப்பத்துக்காரர். அவரும் இப்படி ஓர் இல்லத்தில் தங்கினார். டம்ளரில் வாய் வைக்கமாட்டார், அண்ணாந்துதான் குடிப்பார். இல்லத்துக் கனத்த குவளையில் அப்படிக் குடித்தபோது கழுத்தில் வழிந்து புரையேறியிருக்கிறது. விழுங்குவதில் கோளாறு என்று எழுதிவைத்து, தண்ணீரை ஜெல்லிபோல் கெட்டியாக்கிக் கிண்ணத்தில் கரண்டியோடு கொடுத்தார்கள். மருந்து என்று நினைத்து அவர் தள்ளிவைத்தார். உடனே 'நீர் அருந்த மறுக்கிறார்' என்று அடுத்த குறிப்பு! வேலை செய்த பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எங்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைவிட எனக்கு ஆறாதது, நன்றாக நடந்தவரை விழுந்துவிடுவார் என்று சக்கர நாற்காலியிலேயே உட்காரவைத்தது. வீடு திரும்பியபோது குளியலறைக்குக்கூட ஆள் பிடித்துத்தான் போனார்.

ஆகவே, எப்படிக் குடிப்பார், எவ்வளவு தூரம் நடப்பார், எதைச் சாப்பிடமாட்டார், 'வலி' என்பதை எப்படிச் சொல்வார் என்று பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். தினமும் நடக்கவைக்க வேண்டும் என்பதைப் பொறுப்பாளரிடம் வாயாலும் சொல்லுங்கள். முடிந்தால் ஜூனிலேயே இரண்டு நாள் தங்கவைத்துப் பாருங்கள். பல்செட்டில் பெயர் எழுதத் தவறாதீர்கள், அங்கே அது எளிதாகக் கைமாறும்.

'பெற்றவளை இல்லத்தில் விட்டாயா' என்று நம்மவர்கள் கேட்பார்கள். பாட்டியைச் சம்பளமில்லாத ஆயாவாக வைத்திருப்பவர்கள்தான் முதலில் கேட்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பேசுகிறவர்கள் உதவிக்கு வரமாட்டார்கள். நாங்கள் பாரிஸ் புறநகரான சார்செல்லில் வந்து இறங்கிய குளிர்காலத்தில், எங்களை அழைத்துவந்த சொந்தக்காரர் நகராட்சி அலுவலகத்துக்கு வழிகூடக் காட்டவில்லை. மாடியில் இருந்த பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மவர் ஒருவர்தான் எல்லா விண்ணப்பங்களையும் அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் எழுதித் தந்தார். கூலியாக மீன்குழம்பு கேட்பார், அதிலும் உப்பு போதவில்லை என்று குறை சொல்வார். அவரிடம் திட்டு வாங்கித்தான் நான் பிரெஞ்சு எழுதப் பழகினேன்.

அம்மாவின் பழக்கங்களைத் தமிழில் எழுதி அனுப்புங்கள், கதவில் ஒட்டும் தாளை நான் எழுதித் தருகிறேன்.