அடிக்காத மனிதரை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

கேள்வி: எனக்கு 33 வயது. ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். கணவரை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் எதைக் கேட்டாலும், "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் ஞாபகமறதி" என்பார். அவர் சொல்வதை மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்க ஆரம்பித்தேன். அதைக் காட்டினால், "இப்பதானே எழுதிட்டு வந்தே?" என்று சிரிப்பார். கடைசியில் என் கையெழுத்தே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. இப்போது ஒரு சுடிதார் எடுக்கக்கூட அக்காவுக்கு போட்டோ அனுப்பி, அவள் சரி என்ற பிறகுதான் பணம் கட்டுகிறேன். ஆபீசில் பதவி உயர்வு தருகிறார்கள், ஏற்கலாமா? அவரோ 'மாறிவிட்டேன், வந்துவிடு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: 'அடிக்கவில்லையே' என்பதை முதலில் முடித்துவிடுவோம் சகோதரி. 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது இதெல்லாமும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். நம் ஊர்ப் பஞ்சாயத்தில்தான் "குடிக்கிறானா, அடிக்கிறானா, அப்புறம் என்னம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

ஆபீசில் ஒரு பில்லில் பத்து ரூபாய் இடித்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்தானே? ஞாபகமும் புத்தியும் கெட்டுப்போனவருக்கு யாரும் பதவி உயர்வு தரமாட்டார்கள். அந்த வீட்டில் நீங்கள் நடந்ததை நடந்தபடி சொன்னபோதெல்லாம் சண்டை வந்தது, "ஆமாங்க, நான்தான் மறந்துட்டேன்" என்றதும் ஓய்ந்தது. வருடக்கணக்கில் இப்படியே போனால், யாரும் கேட்பதற்கு முன்பே தப்பு நம்முடையதுதான் என்று ஒத்துக்கொள்ள மனசு பழகிவிடும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றிய பழக்கம் அது, அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். ஆளை விட்டு வந்தாலும் பழக்கம் கொஞ்ச நாள் கூடவே வரத்தான் செய்யும்.

அக்கா நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முன்பு கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அதில் நானும் போய் உட்கார விரும்பவில்லை, அதனால் பதவி உயர்வை ஏற்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. முடிவெடுங்கள், ஆபீசில் சொல்லுங்கள், அதன்பிறகு அக்காவுக்கு போன் செய்யுங்கள்.

அது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தால் சுடிதாரில் ஆரம்பியுங்கள். போட்டோ அனுப்பாமல் துணி எடுத்து, தைக்கக் கொடுத்துவிட்டு அப்புறம் காட்டுங்கள். சாயம் போகலாம், அக்காவுக்குப் பிடிக்காமல் போகலாம், நாலு நாளில் உங்களுக்கே பிடிக்காமல் போகலாம், போகட்டுமே! தன்னம்பிக்கை பேச்சாளர்கள் சரியான முடிவெடுக்கச் சொல்வார்கள். எனக்கென்னவோ, நீங்கள் தப்பாக ஒரு முடிவெடுத்து, அதற்காக யாரும் கத்தாமல், யாரும் மூன்று நாள் பேசாமல் இருக்காமல், அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அந்த வீட்டில் உங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

குறித்து வைப்பதை விட வேண்டாம், ஆனால் இனி யாருக்கும் நிரூபிக்க எழுதாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது, உங்களுக்கு அது எப்படி இருந்தது, இரண்டு வரி போதும். 'எனக்குக் கஷ்டமாக இருந்தது' என்பதற்குச் சாட்சி எதற்கு?

தூக்கம் கெடுகிறது, படபடப்பு நிற்கவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை, இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். கணவர் தொந்தரவு கொடுத்தால் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது.

அவர் மாறிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாறியவர் 'நான் செய்தது இது' என்றல்லவா ஆரம்பிப்பார்? அவர் உங்களுக்கு அனுப்பிய செய்தியில் 'மாறிவிட்டேன், வந்துவிடு' மட்டும்தான் இருக்கிறது. பதில் போட அவசரம் ஒன்றுமில்லை. வழக்கு ஏதாவது நடந்தால் வக்கீலிடம் காட்டாமல் பதில் போடாதீர்கள், அந்தச் செய்திகளை அழிக்கவும் செய்யாதீர்கள்.