ஸ்ப்ளெண்டரா, ஷைன் 100-ஆ?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். டூவீலர் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவன். இந்த முறை சொந்த வழக்கோடு வந்திருக்கிறேன்.

ஊர் லால்குடி பக்கம். திருச்சியில் ஒரு லேபில் வேலை. போக வர ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர். இத்தனை நாள் பஸ்ஸில் ஓடியது, இப்போது ஷிஃப்ட் மாறிவிட்டதால் வண்டி இல்லாமல் முடியாது. ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஹோண்டா ஷைன் 100, இரண்டில் ஒன்று என்பதுவரை வந்துவிட்டேன். அதற்கு மேல்தான் வீட்டில் பஞ்சாயத்து. "ஸ்ப்ளெண்டரைத் தவிர வேறு எதை எடுத்தாலும் அப்புறம் என்னிடம் வந்து நிற்காதே" என்கிறார் மாமா. கூட வேலை பார்க்கும் நண்பரோ ஷைன்தான் மைலேஜ் என்று சத்தியம் செய்கிறார். வீடியோ பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

காலையில் நான் கிளம்புவதற்கு முன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் வருவார். அவருக்கு 61 வயது. மொபெட்டிலேயே பழகியவர், அது இப்போது ஓடுகிற நிலையில் இல்லை. சில நாள் யூரியா மூட்டையும் வண்டியில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எங்காவது அழைத்துப் போக வேண்டியிருக்கும். கையில் முப்பதாயிரம் இருக்கிறது, மீதிக்கு டியூதான். எது மைலேஜ் அதிகம் என்று மட்டும் சொன்னால் போதும், எடுத்துவிடுவேன்.

லால்குடி வாசகர்

*

அன்புள்ள தம்பி,

மைலேஜ் வழக்கை முதலில் பைசல் செய்துவிடுவோம், அது சின்ன வழக்கு. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,125 கிலோமீட்டர். ஒரு வண்டி லிட்டருக்கு 65, இன்னொன்று 60 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு 17.3 லிட்டர், இரண்டாவதற்கு 18.75 லிட்டர். வித்தியாசம் ஒன்றரை லிட்டர்கூட இல்லை. லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டால் மாதம் 145 ரூபாய். இந்த 145 ரூபாய்க்காகத்தான் உங்கள் மாமாவும் நண்பரும் மல்லுக்கு நிற்கிறார்கள். இதிலும் எந்த வண்டி 65, எந்த வண்டி 60 என்பதை ஓட்டுகிறவர் கைதான் தீர்மானிக்கும். டயரில் காற்று குறைந்து, செயின் வறண்டு, நாலாவது கியரில் இருபதில் முக்க வைத்து ஓட்டினால் எந்த வண்டியிலும் அந்த ஐந்து கிலோமீட்டர் காணாமல் போகும். போதாக்குறைக்கு இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் எண்பது, எண்பத்தைந்து கதைகளை இன்றைய வண்டியோடு ஒப்பிட வேண்டாம்.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிட்டு, கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்கு வருகிறேன். காலையில் அப்பா எடுத்துப் போவார் என்கிறீர்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த வரியை வைத்துத்தான்.

இரண்டு வண்டிகளும் பங்காளிகள். 1984-இல் ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டுச் சேர்ந்தன. 1985-இல் சிடி 100 வந்தது, 1994-இல் ஸ்ப்ளெண்டர். 2010 டிசம்பரில் பாகப்பிரிவினை அறிவிப்பு. ஸ்ப்ளெண்டர் ஹீரோ பங்குக்குப் போனது. தன் தொழில்நுட்பத்தில் பிறந்த வண்டியை எதிர்த்து நூறு சிசியில் ஹோண்டா இறங்கியது வெகுநாள் கழித்து, 2023 மார்ச்சில். அந்த வண்டிதான் ஷைன் 100. மாமா சொல்வதில் இருக்கும் நியாயத்தையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். ஸ்ப்ளெண்டர் இஞ்சினின் அளவு 50 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 97.2 சிசி. சிடி 100 காலத்து அதே அளவு. நாற்பது வருடமாகத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மெக்கானிக்கும் கழற்றி மாட்டிய இஞ்சின் அது. தொழில் பழக வந்த பையன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கிளட்ச் பிளேட் மாற்றிவிடுவான். கேபிள், லீவர், பிரேக் ஷூ எல்லாம் ஊர்க்கடையில் தொங்கும். பத்து வருடம் கழித்து விற்கப் போனாலும் "ஸ்ப்ளெண்டரா? கொண்டு வா பார்க்கலாம்" என்று புரோக்கரே கூப்பிடுவார். திருடர்களுக்கும் அதே காரணத்தால் அதன் மேல் ஆசை என்று மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எதை எடுத்தாலும் ஒரு வீல் லாக் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஷைனுக்கு வருவோம். அதன் இஞ்சின் 98.98 சிசி. போர் 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 57.05. உள்ளே பிஸ்டன் குறுகலாக இருக்கிறது, ஏறி இறங்கும் தூரம் நீளமாக இருக்கிறது. இந்த அமைப்பில் இழுவை கீழேயே கிடைத்துவிடும். இரண்டு வண்டியின் அதிகபட்ச டார்க்கும், அதாவது இழுவைத் திறனும், ஒன்றுதான், 8.05 நியூட்டன் மீட்டர். ஸ்ப்ளெண்டர் அதை 6,000 ஆர்பிஎம்மில் (இஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) தருகிறது, ஷைன் 5,000-இலேயே தந்துவிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டையோடு வாய்க்கால் கரையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது இந்த ஆயிரம் ஆர்பிஎம்மின் அருமை தெரியும். கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டியது குறையும். மொபெட்டில் பழகியவருக்குக் கிளட்ச்தான் முதல் எதிரி. மொபெட்டில் அது தானாகவே பிடித்து விடும், இங்கே இடது கைதான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. பெட்ரோல் நிரப்பிய ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஷைன் 99 கிலோ. சீட் உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 785, 786 மில்லிமீட்டர். ஆனால் அந்த 13 கிலோவை ஓடுகிற வண்டியில் தேடக்கூடாது. விடியற்காலையில் வாசல் சாய்வுத் தளத்தில் பின்னுக்கு இறக்கும்போது தேட வேண்டும். வரப்பு முடிகிற இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வண்டியைத் திருப்பும்போது, மூட்டை இறக்க சென்டர் ஸ்டாண்டு போடும்போது தேட வேண்டும். இருபத்தைந்து வயதில் இது உறைக்காது. அறுபத்தொன்றில் இடுப்புதான் பதில் சொல்லும்.

ஷைனுக்கு எதிரான விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் 17 இஞ்ச், ஸ்ப்ளெண்டருக்கு 18. பள்ளத்தில் விழுந்து எழுவதில் பெரிய சக்கரத்துக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம். பின் பிரேக் டிரம் 110 மில்லிமீட்டர்தான், ஸ்ப்ளெண்டருக்கு 130. டேங்க் 9 லிட்டர், ஸ்ப்ளெண்டருக்கு 9.8. அப்புறம், எடை குறைவு என்று புகழ்ந்தேனே, அதுவே ஆடி மாதம் கொள்ளிடம் பாலத்தில் வேறு மாதிரி வேலை செய்யும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது லேசான வண்டி அலைபாயத்தான் செய்யும். கூடவே ஒரு பஸ் உரசுகிற மாதிரி தாண்டிப் போனால் கேட்கவே வேண்டாம். இதற்கு வண்டியில் மருந்து கிடையாது, ஓட்டுகிற உங்களிடம்தான் இருக்கிறது. ஏழரை, எட்டுக் குதிரைத்திறன் உள்ள இந்த இரண்டு வண்டிகளுமே அறுபதுக்கு மேல் சந்தோஷமாக ஓடுகிற வண்டிகள் அல்ல. ஐம்பது, ஐம்பத்தைந்தில் இடது ஓரமாகப் போனால் திருச்சிக்கு ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். எழுபதில்தான் போவேன் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு 125 சிசி பக்கம் போங்கள்.

என் ஓட்டு ஷைன் 100-க்கு. விலையிலும் அது சில ஆயிரங்கள் குறைவாகவே இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய், "இந்த வண்டி எடுத்தால் பார்ப்பீர்களா, சாமான் கிடைக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால், கம்பெனி சர்வீஸுக்கும் திருச்சிக்குத்தான் போயாக வேண்டும் என்ற நிலை இருந்தால், மறுபேச்சில்லாமல் ஸ்ப்ளெண்டரை எடுங்கள். வயலுக்குப் போகிற வண்டி நின்றுவிட்டால் அன்றைக்கே கிளம்பியாக வேண்டும். ஒரு சாமானுக்காக நாலு நாள் காத்திருக்க அதற்கு நேரம் கிடையாது.

அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இஞ்செக்ஷன் வந்துவிட்டது. ரிசர்வ் நாப் கிடையாது. பெட்ரோல் சுத்தமாகத் தீரும்வரை ஓட்டி, வண்டியை ஒருபக்கம் சாய்த்துக் கடைசிச் சொட்டை வரவழைத்து பங்குவரை போகும் வித்தை இதில் வேண்டாம். பெட்ரோல் பம்ப் வறண்டு ஓடினால் அதற்குக் கேடு. (ஷைனில் பம்ப் டேங்குக்கு வெளியே இருக்கிறது, பழுது பார்க்க அது ஒரு வசதி.) கிக்கர் இருக்கிறதே என்று பேட்டரியை மறந்துவிடவும் கூடாது. பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பழைய வண்டி மாதிரி நாலு உதையில் கிளம்பும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் ஷைன் கிளம்பாது. முதல் வாரம் அப்பா "புது வண்டி அதற்குள் மக்கர் பண்ணுகிறது" என்று போன் செய்தால், முதலில் ஸ்டாண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் சிபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். சேற்றிலும் மணலிலும் அப்பா பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தால் முன் சக்கரமும் சறுக்கப் பார்க்கும். மெதுவாக மிதித்துப் பழகட்டும்.

இனி பணம். மைலேஜில் மாதம் 145 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற நாம், டியூ போடும்போது மட்டும் கையெழுத்து எங்கே என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அறுபதாயிரம் கடன், இரண்டு வருடம், "வட்டி 12 பர்சென்ட்தான் சார்" என்கிறார்கள் என்று வையுங்கள். ஃபிளாட் வட்டி என்றால் 14,400 ரூபாய் வட்டி, மாதம் 3,100 கட்ட வேண்டும். நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசி மாதம்வரை முழு அறுபதாயிரத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இரண்டு வருட மைலேஜ் வித்தியாசம் கிட்டத்தட்ட மூவாயிரத்து ஐந்நூறு. வட்டியில் போவது அதைப் போல நான்கு மடங்கு. அதனால் ஷோரூமில் "ஃபிளாட்டா, டிமினிஷிங்கா (குறையும் அசலுக்கு மட்டும் வட்டியா)?" என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். முன்கூட்டியே அடைத்தால் என்ன பிடித்தம் என்பதையும் கேளுங்கள். லேபில் சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது என்றால் அந்த வங்கியிலும் ஒருமுறை விசாரியுங்கள். முடிந்தால் அம்மாவின் சுய உதவிக் குழுவிலும்.

இன்சூரன்ஸிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசியைத் தனியாக வெளியிலும் வாங்கலாம், ஷோரூமில் தருவதைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆன்ரோடு விலை என்று ஒற்றை எண்ணாகச் சொன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். "ஹேண்ட்லிங்", "ஆக்சஸரீஸ் பேக்கேஜ்" என்ற பெயரில் சில ஆயிரங்கள் அதற்குள் ஒளிந்திருக்கும். சேஃப்டி கார்டும் சாரி கார்டும் போதும், மற்றதை உரிமையோடு நீக்கச் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு "டிஸ்கவுன்ட் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

ஷோரூமுக்கு நண்பரை அழைத்துப் போகாதீர்கள். அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அப்பா இரண்டு வண்டியையும் சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுக்கட்டும், பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பார்க்கட்டும். அம்மா புடவையோடு ஒருபக்கமாக உட்காரட்டும். கால் வைக்கிற இடம் எட்டுகிறதா, பிடித்துக்கொள்ளும் கம்பி கைக்கு அகப்படுகிறதா, நீங்கள் முன்னால் உட்கார்ந்த பிறகு அவருக்கு மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ஷைனின் சீட் நீளம் 677 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அது போதுமா என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். அவர் முகம் சுளித்தால் நான் மேலே போட்ட ஓட்டை ரத்து செய்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

டியூ முடிந்ததும் ஃபைனான்ஸிலிருந்து என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை என்ற கடிதம்) ஃபாரம் 35-உம் வாங்கி ஆர்டிஓவில் ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் கடன் பதிவை, கேன்சல் செய்துவிடுங்கள். பெரும்பாலானோர் வண்டியை விற்கப் போகிற அன்றுதான் அந்தக் காகிதத்தைத் தேடுவார்கள், அதற்குள் ஃபைனான்ஸ் ஆபீஸ் வேறு தெருவுக்குப் போயிருக்கும்.

அன்புடன்.