சேலத்தில் பெரிய கட்டடத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல், போக்குவரத்து நிபந்தனைகள் என்னென்ன?

முதலில் பார்க்க வேண்டியது கட்டுமானப் பரப்பு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள திட்டங்கள், வேலை தொடங்கும் முன்பே மாநில அளவிலான ஆணையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அந்த விண்ணப்பத்தில் தண்ணீர்த் தேவை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மழைநீர் வடியும் வழி ஆகியவற்றோடு, திட்டத்தால் கூடும் வாகனப் போக்குவரத்தையும் விளக்க வேண்டும்.

போக்குவரத்தை வாகன நிறுத்துமிடக் கணக்கோடு பலர் முடித்துவிடுகிறார்கள். அது போதவே போதாது. ஐந்து ரோடு போன்ற சந்திப்புக்கு அருகே வணிக வளாகம் எழுந்தால், நெரிசல் நேரத்தில் எத்தனை வண்டிகள் உள்ளே திரும்பும், வெளியேறுபவை பிரதான சாலையில் எங்கே கலக்கும், தீயணைப்பு வண்டி தடையின்றி நுழையுமா என்பதையெல்லாம், தற்போது ஓடும் வண்டிகளைச் சாலையில் நின்று எண்ணிய பிறகே நம்பிச் சொல்ல முடியும்.

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் மூக்கனேரி ஏரியையும் திருமணிமுத்தாற்றையும் சேர்வதால், மனைக்குள் ஓடை குறுக்கிட்டால் அதைத் திருப்பாமல் வரைபடத்தை மாற்றுவதே நேர்மையானது. ஏற்காட்டில் கட்டுவதாக இருந்தால், மலையிடப் பாதுகாப்புக்கான தனி விதிகளும் பொருந்தும்.